தலைமையாசிரியரின் நேரத்தை அளக்கும் சேவை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பள்ளித் தலைமையாசிரியரின் வேலைநேரம் எங்கே செலவாகிறது என்பதை அருகிலிருந்து அளந்து, அதைச் சீரமைக்க வழிகாட்டும் சேவைகள் சில ஆண்டுகளாகப் பல பள்ளிகளுக்கு அறிமுகமாகி வருகின்றன. அவற்றுள் ஒன்றை எங்கள் பள்ளி ஒரு முழுக் கல்வியாண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தச் சேவையின் எல்லாக் கட்டங்களிலும் தலைமையாசிரியராக நேரடியாகப் பங்கெடுத்தவள் என்பதால், இதை ஏற்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிற தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இதே முறையில் இயங்கும் சேவைகள் அனைத்துக்கும் நான் சொல்லப்போவது பெரும்பாலும் பொருந்தும். ஆகவே நிறுவனத்தின் பெயர் இங்கே தேவைப்படவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரத்தை அளக்கும் பகுதி மிக நன்று, அதற்காக மட்டுமே இதை வாங்கலாம். ஆனால் அளந்தபின் தரப்படும் ஆலோசனை, மேலிடத்துக் கொள்கைகளால் வந்து சேரும் வேலையையும் தலைமையாசிரியரின் சொந்தப் பழக்கத்தால் வரும் வேலையையும் ஒன்றாகவே பார்க்கிறது. பெரிய குறை அதுதான்.

சேவை இயங்கும் விதம் எளிமையானது. பயிற்சி பெற்ற ஒரு பார்வையாளர், பள்ளி நடக்கும் ஒரு சாதாரண வாரம் முழுவதும், தலைமையாசிரியர் வளாகத்துக்குள் நுழைவதிலிருந்து வெளியேறும் வரை உடனிருந்து, ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்கிறார். குறிக்கப்படும் ஒவ்வொரு செயலும் கற்பித்தல் சார்ந்தது, நிர்வாகம் சார்ந்தது, தனிப்பட்டது என்ற மூன்று வகைகளுள் ஒன்றில் சேர்க்கப்படுகிறது. வார முடிவில் இவையெல்லாம் வண்ணப் பட்டைகளாக ஓர் அறிக்கையில் தரப்படுகின்றன. பிறகு அலுவலகப் பணியாளர் ஒருவர் தலைமையாசிரியரின் நேரத்துக்குக் காவலராக நியமிக்கப்படுகிறார். இருவரும் நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்து நாட்குறிப்பைச் சரிபார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஆலோசகர் வந்து முன்னேற்றத்தை விசாரிப்பார். ஆண்டிறுதியில் பார்வையாளர் மீண்டும் வந்து அளப்பார்.

இத்தனை ஏற்பாடுகளும் அவசியந்தானா என்று நிர்வாகக் குழுவில் கேள்வி எழுவது இயல்பு. தலைமையாசிரியரின் திறன் மாணவர்களின் கற்றலைத் தொடும் அளவு சிறியதன்று. அமெரிக்காவில் ஜேசன் கிரிஸம், அன்னா எகலைட், கான்ஸ்டன்ஸ் லிண்ட்சே ஆகியோர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்ட அறிக்கை, திறன் வரிசையில் கீழிருந்து 25 விழுக்காட்டு இடத்தில் இருக்கும் தலைமையாசிரியருக்குப் பதிலாக 75 விழுக்காட்டு இடத்தில் இருப்பவர் வந்தால், ஒரு மாணவரின் ஓராண்டுக் கற்றலில் கணிதத்தில் 2.9 மாதங்களும் வாசிப்பில் 2.7 மாதங்களும் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கிட்டது. ஒரு வகுப்பில் அன்று, பள்ளி முழுவதிலும் கிடைக்கும் பயன் இது. அப்படிப்பட்டவரின் நேரம் எங்கே போகிறது என்பதற்கு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பல நாடுகளில் நடத்தும் டாலிஸ் கணக்கெடுப்பின் 2013-ஆம் ஆண்டுச் சுற்று விடை தருகிறது. சராசரியாக 41 விழுக்காடு நேரம் நிர்வாகம், தலைமைப் பணிகள், கூட்டங்கள் ஆகியவற்றுக்கும், 21 விழுக்காடு பாடத்திட்டம், கற்பித்தல் சார்ந்த பணிகளுக்கும், 15 விழுக்காடு மாணவர்களுடனும், 11 விழுக்காடு பெற்றோருடனும் செலவாவதாகத் தலைமையாசிரியர்களே தெரிவித்திருந்தார்கள். ஆனால் இவை அவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. இந்தச் சேவை தருவது, மற்றொருவர் கண்ணால் பார்த்துக் குறித்த பதிவு. அதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

மொத்த விழுக்காடுகளைவிட அந்தப் பதிவில் எனக்கு மிகவும் பயன்பட்டது, நேரம் எப்படித் துண்டு துண்டாக உடைகிறது என்ற தகவல். ஓர் ஆசிரியருடன் அவருடைய பாடம் குறித்துப் பேசத் தொடங்கும்போது, வராத ஆசிரியருக்குப் பதிலாக யாரை அனுப்புவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. அதை முடித்துத் திரும்பினால் கையொப்பத்துக்கு ஒரு மாற்றுச் சான்றிதழ் காத்திருக்கிறது. அதற்குள் பாடவேளை மணி அடித்து அந்த ஆசிரியர் வகுப்புக்குப் போய்விடுகிறார். இப்படிக் கலையும் உரையாடல்கள் எந்தக் கணக்கெடுப்பின் விழுக்காட்டிலும் தெரிவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு வகையில் சேர்ந்துவிடுகிறது. தொடங்கிய பணி எத்தனை முறை இடையில் அறுந்தது, அறுத்தது எது, திரும்பி வந்தபோது அது எந்த நிலையில் இருந்தது என்பதையெல்லாம் பார்வையாளரின் வரிசையான குறிப்புகள் காட்டின. நிறுவனம் தன் அறிக்கையில் இந்தத் தகவலுக்குத் தனி இடம் தரவில்லை. மூலக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான் அது கிடைத்தது. இந்தச் சேவையை ஏற்பவர்கள் வண்ணப் பட்டைகளோடு நிற்காமல் மூலக் குறிப்புகளையும் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது நற்பயன், முதல் தொடர்பாளர் பட்டியல். பேருந்து, கட்டணம், சீருடை, சான்றிதழ், தொலைந்த பொருள், கழிப்பறைப் பராமரிப்பு, கணினி அறைச் சாவி என்று தலைமையாசிரியரின் கதவுக்கு வரும் ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் முதலில் யாரை அணுக வேண்டும் என்பது எழுதி ஒட்டப்படுகிறது; பெற்றோருக்கும் அறிவிக்கப்படுகிறது. தலைமையாசிரியரைச் சந்திக்கவே முடியாது என்ற எண்ணம் இதனால் பெற்றோரிடம் வந்துவிடுமோ என்ற கவலை எங்களுக்கு இருந்தது. நடந்தது வேறு. வேலையைச் செய்து தரக்கூடியவரிடமே நேராகப் போனதால் அவர்களுடைய தேவை விரைவாக நிறைவேறியது. குழந்தையின் படிப்பையோ மனநிலையையோ பற்றிப் பேச வந்தவர்களுக்கு என்னால் அமைதியாக நேரம் கொடுக்க முடிந்தது. இந்தப் பட்டியலை எந்தப் பள்ளியும் எவரையும் பணியமர்த்தாமல் தானே தயாரித்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் வந்து, பதிவை முன்னால் வைத்து, இன்ன கேள்வி உங்களிடம் வரவே தேவையில்லை என்று சுட்டிக்காட்டும்போது கிடைக்கும் ஒப்புதல், தலைமையாசிரியர் தாமாகவே வேலையைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கும்போது கிடைப்பதில்லை.

அதே இடத்தில்தான் எச்சரிக்கையும் தேவை. தலைமையாசிரியரிடமிருந்து விலகிய வேலை மறைந்துவிடுவதில்லை, தோள் மாறுகிறது. எங்கள் அலுவலகத்தில் அதைத் தாங்கியவர்கள் ஏற்கனவே போதிய வேலையுடன் இருந்த எழுத்தர்களும் துணைத் தலைமையாசிரியரும். நிறுவனத்தின் அறிக்கை, என் நாட்குறிப்பில் விடுபட்ட நேரத்தை வெற்றியாகக் காட்டியது. அவர்களின் நாட்குறிப்பில் கூடிய நேரத்தை அது அளக்கவே இல்லை. நேரத்துக்குக் காவலராக நியமிக்கப்படும் பணியாளரின் பொறுப்பு விவரம் எழுத்தில் திருத்தப்பட வேண்டும். அவரிடமிருந்து எந்த வேலை எடுக்கப்படுகிறது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் சேவையைத் தொடங்குவது அநீதி. தலைமையாசிரியரின் சோர்வைப் பற்றிப் பேசும் நாம், நமக்குக் கீழே பணிபுரிபவரின் சோர்வைக் கணக்கில் எடுக்காமலிருக்க எந்த நியாயமும் இல்லை.

அடுத்து, அந்த மூன்று வகைப் பிரிவினையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கற்பித்தல் சார்ந்த நேரம் கூடினால் நல்லது, நிர்வாக நேரம் கூடினால் கெட்டது என்ற எண்ணத்தின் மேல்தான் முழு அறிக்கையும் நிற்கிறது. வகுப்பறைக்குள் இருந்த ஒவ்வொரு ஐந்து நிமிடமும் பச்சை; அலுவலகத்தில் இருந்தவை பெரும்பாலும் சிவப்பு. ஆய்வுகள் சொல்வது இவ்வளவு எளிதாக இல்லை. எய்லீன் ஹோர்ங், டேனியல் கிளாசிக், சூசன்னா லோப் ஆகியோர் அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டப் பள்ளிகளில் இதே ஐந்து நிமிட முறையில் தலைமையாசிரியர்களைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வரவுசெலவை ஒழுங்காகக் கையாளுதல், பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தல், பள்ளியின் அமைப்பை நடத்துதல் போன்ற மேலாண்மைப் பணிகளில் செலவான நேரத்துக்கும் பள்ளியின் நல்ல விளைவுகளுக்கும் தொடர்பு காணப்பட்டது. அன்றாட வகுப்புக் கவனிப்புக்கு அத்தகைய தொடர்பு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. அதே மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி கிரிஸம், லோப், மாஸ்டர் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமாகச் சொன்னது: ஆசிரியருக்குப் பயிற்சி தருவதில் செலவிட்ட நேரம் கூடிய இடங்களில் மாணவர் முன்னேற்றமும் கூடுதலாகவும், வகுப்புகளுக்குள் சற்று நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வெளியேறும் சுற்றுகள் கூடிய இடங்களில் அது குறைவாகவும் இருந்தது.

இவற்றை அறிந்தவர்களுக்கு அந்தப் பச்சைப் பட்டையில் உள்ள ஆபத்து உடனே புரியும். பட்டையை நீட்டுவதே இலக்கு என்றால், வகுப்பு வகுப்பாகச் சுற்றி வருவதுதான் மிக எளிய வழி. ஆசிரியர் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார், மாணவர்கள் எழுந்து வணங்குகிறார்கள், தலைமையாசிரியர் தலையசைத்து வெளியேறுகிறார். பதிவில் கற்பித்தல் நேரம் கூடிவிடுகிறது. மறுபுறம், காலியாகப் போகும் பணியிடத்துக்குத் தகுதியான ஆசிரியரைத் தேட அலுவலகத்தில் அமர்ந்து விண்ணப்பங்களைக் கவனமாகப் படித்த பிற்பகல் சிவப்பில் விழுகிறது. அந்தப் பிற்பகலின் பயனைப் பல ஆண்டுகளுக்கு மாணவர்கள் அனுபவிப்பார்கள். பாடவேளை அட்டவணையும் அப்படித்தான். சிரமப்படும் வகுப்புக்கு வலுவான ஆசிரியரை ஒதுக்குவதும், ஒரே பாடத்தின் ஆசிரியர்கள் சேர்ந்து அமர ஒரு பொது வேளையை உருவாக்குவதும் கற்பித்தலின் மீது தலைமையாசிரியர் எடுக்கும் மிக முக்கியமான முடிவுகள். அறிக்கை அவற்றை நிர்வாகம் என்கிறது. இந்தப் பிரிவுகளை மாற்றித் தரும்படி நாங்கள் எழுத்து மூலம் கேட்டோம். பள்ளிகளிடையே ஒப்பீடு கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். ஒப்பீட்டுக்காகத் தவறான அளவுகோலைக் காப்பாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொள்கைகளால் வரும் பணிச்சுமையை இந்தச் சேவை அணுகும் விதத்தில்தான் எனக்கு மிகப்பெரிய மனக்குறை. ஆஸ்திரேலியாவில் பிலிப் ரைலி என்ற ஆய்வாளர் 2011-இல் தொடங்கிய, ஆண்டுதோறும் நடந்துவரும் தலைமையாசிரியர் நலக் கணக்கெடுப்பில், மன அழுத்தத்துக்கான காரணங்களாகத் தொடர்ந்து முன்னிலையில் இருந்தவை இரண்டு: வேலையின் அளவு, கற்பித்தலிலும் கற்றலிலும் கவனம் செலுத்த நேரமின்மை. எந்த நாட்டுத் தலைமையாசிரியரிடம் கேட்டாலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார். சேவையோ இரண்டாவதை மட்டும் தொடுகிறது. முதலாவதை, நம்மைப் பொறுத்தவரை மாற்ற முடியாத வானிலை என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் நாளை எப்படி அடுக்குவது என்று கற்றுத்தருகிறது. வேலையின் அளவு வானிலையன்று. யாரோ ஒருவர் ஒரு மேசையில் அமர்ந்து எடுத்த முடிவுகளால் அது உருவாகிறது.

மாணவர் வருகை விவரம் ஒரு படிவத்தில் மேலிடத்தின் ஒரு பிரிவுக்கும், சற்றே மாறிய வேறு படிவத்தில் இன்னொரு பிரிவுக்கும், இணையத்தில் மூன்றாவது முறையாகவும் கேட்கப்படுகிறது. காலையில் வந்த சுற்றறிக்கைக்கு மாலைக்குள் பதில் வேண்டும் என்கிறார்கள். கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளை வழக்கமான வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் கொள்கையை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்குத் தேவையான சிறப்பாசிரியரை நியமிக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் இல்லை, அது சரியாக நடக்கவில்லை என்றால் விளக்கம் தரும் பொறுப்பு மட்டும் அவரிடம் இருக்கிறது. கைப்பேசித் தடை, மாணவர் தகவல் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தேர்வுப் பணிகளில் பயன்படுத்துதல் என்று புதிய விதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவையே. புதியதைச் சேர்க்கும்போது பழையதில் எதை நிறுத்தலாம் என்று சொல்லும் வழக்கம் மட்டும் எங்கும் இல்லை. குழந்தைப் பாதுகாப்பு போன்ற சில பொறுப்புகளைத் தலைமையாசிரியர் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது, ஒப்படைக்கவும் மாட்டார். ஆகவே, பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள் என்ற ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இந்தக் குறையை ஈடுகட்ட நாங்கள் எளிய மாற்றம் ஒன்றைச் செய்தோம். பார்வையாளரின் மூலக் குறிப்புகளில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே, இதைக் கேட்டது யார் என்ற ஒரு பத்தியை (நெடுவரிசையை) சேர்த்தோம். மாணவர், பெற்றோர், ஆசிரியர், நிர்வாகக் குழு, மேலிடம், தலைமையாசிரியர் தாமே என்று நிரப்பிப் பார்த்தபோது அறிக்கையின் முகமே மாறியது. ஒரே தகவலை வெவ்வேறு பிரிவுகளுக்கு எத்தனை வடிவங்களில் தயாரிக்கிறோம் என்பது தெளிவாக நின்றது. பொதுவாகப் பணிச்சுமை என்று முறையிட்டால் கிடைக்கும் ஆறுதல் வார்த்தைகளுக்கு மாறாக, இன்ன படிவமும் இன்ன படிவமும் ஒரே தகவலைக் கேட்கின்றன, ஒன்றாக்கலாமா என்று ஆதாரத்துடன் எழுதியபோது மேலிடத்திலிருந்தும் பயனுள்ள பதில்கள் வந்தன. சில படிவங்கள் உண்மையாகவே இணைக்கப்பட்டன. சேவை எங்களுக்குத் தந்த மிகப்பெரிய பயன் இதுதான் என்று சொல்வேன், நிறுவனத்தின் திட்டத்தில் இது இல்லாவிட்டாலும். அண்டைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் சேர்ந்து இதே பத்தியை நிரப்பி ஒன்றாக முன்வைத்தால், கேட்பவர்களால் அதை ஒரு தனிப்பட்டவரின் திறமைக் குறைவாக ஒதுக்கிவிட முடியாது.

மாதாந்திர ஆலோசகரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பண்பானவர், நேரம் தவறாதவர், நன்றாகக் கேட்டுக்கொள்பவர். பள்ளியை நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. முன்னுரிமைப்படுத்துங்கள், மறுக்கப் பழகுங்கள் என்ற அறிவுரை, மறுக்கும் உரிமை உள்ளவர்களுக்குச் சரி. ஆண்டாய்வுக்கு வரும் அதிகாரியிடமோ, அழுதுகொண்டு வாசலில் நிற்கும் மாணவியிடமோ அதைப் பயன்படுத்த முடியாது. ஒப்பந்தத்துக்கு முன் ஆலோசகர் முன்பு தலைமையாசிரியராகப் பணியாற்றியவரா என்று கேட்டுவிடுங்கள்.

ரகசியக் காப்பு இன்னும் கவனமாகக் கையாளப்பட வேண்டிய விஷயம். மாணவர் ஒருவர் தம் வீட்டுத் துன்பத்தைச் சொல்லும்போதும், ஆசிரியர் ஒருவர் மீதான புகார் விசாரிக்கப்படும்போதும் பார்வையாளர் அறையைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. எங்கள் பள்ளிக்கு வந்தவர் அதைச் சொல்லாமலே கடைப்பிடித்தார். அந்த நாகரிகத்தைப் பாராட்டுகிறேன். தொடக்கத்திலேயே ஆசிரியர் கூட்டத்தில், அளக்கப்படுவது தலைமையாசிரியர்தான், ஆசிரியர்கள் அல்லர் என்று விளக்கியதும் நன்று. ஆனால் ஒப்பந்தத்தில் அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை. தலைமையாசிரியரின் ஒவ்வோர் ஐந்து நிமிடமும் அடங்கிய ஆவணம் அவருடைய பணி மதிப்பீட்டுக்கோ நடவடிக்கைக்கோ பயன்படும் என்ற அச்சம் வந்துவிட்டால், அந்த வாரம் எவரும் இயல்பாக நடந்துகொள்ள மாட்டார், பதிவும் பயனற்றதாகிவிடும். பதிவு தலைமையாசிரியருக்கே உரியது, அவர் இசைவின்றி வேறெதற்கும் பயன்படாது என்ற வாசகத்தை நாங்கள் வற்புறுத்திச் சேர்த்தோம். கையெழுத்திடும் முன் நீங்களும் சேருங்கள்.

யாருக்கு இது ஏற்றது என்றால், துணைத் தலைமையாசிரியரும் ஓரளவு அலுவலகப் பணியாளர்களும் உள்ள நடுத்தர, பெரிய பள்ளிகளுக்கு. தாமே வகுப்பெடுத்து, தாமே கணக்கெழுதி, தாமே வாயிற்கதவைத் திறக்கும் சிறிய பள்ளித் தலைமையாசிரியருக்கு இந்தச் சேவை சொல்லப்போவது எதுவும் இல்லை. வேலையை வாங்கிக்கொள்ள அங்கே இன்னொருவர் கிடையாது. அவருக்குத் தேவை ஓர் எழுத்தர். அதற்கான நிதியை இந்தச் சேவைக்குச் செலவழிப்பது தவறு. பெரிய பள்ளிகளும் முழு ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக, ஒரு வாரப் பதிவும் மூலக் குறிப்புகளும் முதல் தொடர்பாளர் பட்டியலும் அடங்கிய முதல் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பது நல்லது. மீதமாகும் நேரத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதற்கும் வழிகாட்டுதல் உண்டு: விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் தலைமைப் பண்பின் ஐந்து கூறுகளை ஒப்பிட்டபோது, ஆசிரியர்களின் தொழில்சார் கற்றலை ஊக்குவித்துத் தாமும் அதில் பங்கெடுப்பதே மாணவர் கற்றலில் ஏற்படும் தாக்கத்தைக் காட்டும் விளைவு அளவில் 0.84 என்ற மிக உயர்ந்த மதிப்பைப் பெற்றது. ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் திட்டமிடும் கூட்டத்தில், மேற்பார்வையாளராக இல்லாமல் உடன் கற்பவராக அமர்வதற்கு அந்த நேரத்தை ஒதுக்கலாம்.

இரண்டாம் முறை அளக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். முதல் அளவீடு சேர்க்கைக் காலத்தில் நடந்து, அடுத்தது தேர்வுகள் முடிந்த அமைதியான வாரத்தில் நடந்தால், யார் எதைச் செய்திருந்தாலும் அறிக்கை முன்னேற்றத்தையே காட்டும். எங்களிடம் முதலில் முன்மொழியப்பட்ட தேதிகள் அப்படித்தான் இருந்தன. கல்வியாண்டின் அதே பருவத்தில் அதே வாரத்தையே கேட்டு மாற்றிக்கொண்டோம். அந்த வாரத்தில் ஓர் ஆய்வு வருகையும் குறுக்கிட்டதால் எண்களில் முன்னேற்றம் சிறிதாகவே தெரிந்தது. ஆனால் அவை நம்பத்தகுந்த எண்கள், அடுத்த ஆண்டின் பொறுப்புப் பகிர்வை நிர்வாகக் குழு அவற்றை வைத்தே தீர்மானித்திருக்கிறது.